படகில் விட்டுவந்த ஃபில்டர்

விசைப்படகின் கேபின் கூரையில் குறுக்கே ஓடும் கட்டையிலிருந்து, நான்கு பட்டுக் கயிறுகளில் ஒரு பித்தளைக் காபி ஃபில்டர் தொங்கிக்கொண்டிருக்கிறது. படகு இடப்பக்கம் சாய்கிறது, ஃபில்டர் சாயவில்லை. வலப்பக்கம் சாய்கிறது, அப்போதும் இல்லை. ஸ்டீயரிங், சாமி படம், அதற்குச் சாத்திய பிளாஸ்டிக் மாலை, டிரைவர் அண்ணன், நான் என்று அந்தக் கேபினில் எல்லாமும் எல்லாரும் ஆடுகிறோம். அது மட்டும் நேராக நின்று, தன் வயிற்றுக்குள் சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷனை இறக்கிக்கொண்டிருக்கிறது. எதிரே ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வாந்தி எடுத்து வெளுத்த முகத்தோடு, ஆனால் போட்டியில் ஜெயித்தவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு என் மாமா உட்கார்ந்திருக்கிறார். மாமாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். ஆயுள் முழுக்க ஆரணியில் இருந்த மனிதரை, அவர் ஒரே ஒரு வாரம் இருந்த கடலில் வைத்துத்தான் என்னால் நினைத்துக்கொள்ள முடிகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பட்டு நூல் வியாபாரம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மாவிடம் ஒரு கைத்தறியும் நானும் மிஞ்சினோம். மாமாவின் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் வந்துவிடும். கடை திறக்கப் போகுமுன் தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா போடும் காபியைக் குடித்துவிட்டுத்தான் போவார். மாமாவுக்குக் கல்யாணமான பிறகும் அது நிற்கவில்லை. அத்தையே, "அக்கா கைக் காபி குடிக்கலன்னா அவருக்குப் பொழுதே விடியாது" என்று சிரித்துக்கொண்டு அனுப்பி வைப்பாள்.

எங்கள் வீட்டில் டம்ளரை நிரப்ப மாட்டார்கள். தறியில் பட்டுப் புடவை ஏறியிருக்கும்போது, அதைத் தாண்டிக் காபியை எடுத்துப் போவது நெருப்பை எடுத்துப் போவது மாதிரி. ஒரு சொட்டு தெறித்தால் முந்தானை போச்சு. அதனால் யாருக்கானாலும் அரை டம்ளர்தான். இன்னும் வேண்டுமென்றால் இன்னொரு அரை டம்ளர். வெளியூர்க்காரர்கள் எங்களைக் கஞ்சர்கள் என்று நினைத்திருப்பார்கள். மாமா அந்த அரை டம்ளரைச் சமையலறை வாசலில் நின்றபடியே குடித்து முடித்து, அடியில் வண்டலோடு அப்படியே தூண் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். அம்மா தினமும் கத்துவாள்.

"ஏண்டா, கழுவி வெச்சா கை தேஞ்சி பூடுமா?"

"நான் இன்னா வெளியாளாக்கா, கழுவி வெச்சிட்டுப் போறதுக்கு?"

இந்த இரண்டு வரிகளையும் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஒரு நாள் கேட்காவிட்டால் ஏதோ மின்சாரம் போய்விட்ட மாதிரி இருக்கும்.

நான் கடல் உயிரியல் படித்தது, பிறகு தெற்கே ஒரு மீன்பிடித் துறைமுக ஊரில் கடற்புல் ஆய்வுக்குச் சேர்ந்தது எல்லாம் தனிக் கதை. வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சாதாரணமாகச் சொல்ல முடியாத அளவுக்குப் பிடித்திருந்தது. விடியும்போது வாடகைப் படகில் கிளம்பி, கரை மெல்லிய கோடாகும் தூரத்தில் நங்கூரம் போட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு குதித்து, தரையில் அளவு நாடாவை விரித்து, எந்த வகைப் புல் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நீரிலிருந்து ஏறினால் குளிரில் பல் தந்தியடிக்கும். அப்போது ஒரு நல்ல காபி கிடைத்தால் உலகத்தில் வேறெதுவும் வேண்டாம். ஆனால் அந்தப் படகில் மின்சாரம் என்பது எஞ்சின் பேட்டரியில் எரியும் ஒரு பல்பு மட்டும். மணல் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. டிரைவர் அண்ணன் அதில் கொதிக்கவைத்துக் கொடுக்கும் திரவத்துக்கு டீ என்று பெயர்.

நான் சும்மா இருப்பேனா? வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கையால் சுற்றும் அரவை மெஷின் வாங்கினேன். கடல் காற்றில் கொட்டை நமத்து மெஷின் சுற்ற மறுத்தது. பிளாஸ்டிக் குழலில் போட்டு அழுத்தும் சாதனம் ஒன்று வாங்கினேன். அலை தூக்கிய நேரத்தில் அழுத்தி, பொடியும் சுடுநீரும் டிரைவர் அண்ணனின் சட்டைமேல் கொட்டின. "காபி குடிக்கிறதுக்கு ஊர்ல எவ்வளவோ இடம் இருக்கு தாயி" என்றார் அவர், சட்டையைப் பிழிந்துகொண்டே.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். சும்மா வரவில்லை, என்னை அழைத்துப் போக வந்தார். அத்தையின் தம்பிக்கு என்னைப் பேசியிருந்தார்கள். செய்யார் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கே வரும் என்பதை அம்மா போனில் மூன்று தடவை சொன்னாள், நான் பஸ்ஸைக் கட்டிக்கொள்ளப் போகிற மாதிரி. பேச்சை எடுத்ததும் முடித்ததும் மாமாதான். நான் பிடி கொடுக்காமல் நாளைத் தள்ளிக்கொண்டே போனதால், "நானே போய் இட்டுகினு வரேன்" என்று கிளம்பிவிட்டார். அம்மா வழியில் சாப்பிடப் புளிசாதத்தோடு தன் பித்தளை ஃபில்டரையும் பொடியையும் கட்டிக் கொடுத்திருக்கிறாள். "அவனுக்குக் கண்ட காபியும் ஒத்துக்காதுடி, நீயாவது பாத்துக்கோ" என்று எனக்குப் போன் வேறு. அப்படி அந்த வீட்டின் ஒரே ஃபில்டர், என்னைக் கூட்டி வரும் காரியத்துக்காகத் தம்பியோடு புறப்பட்டு வந்தது.

கரையில் ரூமில் இருங்கள் என்றேன். கேட்கவில்லை. "நீ இன்னா வேலை செய்றன்னு நான் பாக்க வேணாமா? அக்கா கேட்டா இன்னான்னு சொல்றது?" என்று வேட்டியை மடித்துக் கட்டிப் படகில் ஏறிவிட்டார். துறைமுகச் சுவரைத் தாண்டியதுமே முதல் வாந்தி. அதற்கு நடுவிலும் பையைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்தார். அம்மாவின் பிள்ளைதான் நான், ஆனால் இந்த விஷயத்தில் மாமாவின் ரத்தம்.

முதல் நாள் காபியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நங்கூரம் போட்டபின் ஸ்டவ்வைப் பற்றவைத்து, தண்ணீர் கொதித்ததும் ஃபில்டரைப் பலகைமேல் வைத்து ஊற்றினோம். படகு ஒரு பக்கம் சாய்ந்தது, ஃபில்டர் கவிழ்ந்தது, பொடியும் டிகாக்‌ஷனும் ஒன்றாகிச் சேறானது. "வடிகட்டினா ஆச்சு, இதுக்குப் போய் பேஜாரா?" என்று மாமா தன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தார். யாருக்கோ காட்டுவதற்காக வைத்திருந்த மாதிரித் துண்டு, வேகவைக்காத கச்சாப் பட்டு. மெல்லிசாக, அழகாகத்தான் வடிகட்டியது. பாலைச் சேர்த்து அரை அரை டம்ளராக ஊற்றி, முதல் டம்ளரை மரியாதையாக டிரைவர் அண்ணனிடம் நீட்டினார். அவர் ஒரு வாய் குடித்து, யோசித்து, இன்னொரு வாய் குடித்தார்.

"நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா நண்டு அவிச்ச தண்ணி மாதிரி ஒரு வாசம் வருது."

நானும் குடித்தேன். எனக்கு அது நண்டு இல்லை. எங்கள் ஊரில் சாயம் ஏற்றுமுன் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு அண்டாவில் கொதிக்கவைப்பார்கள். புழு தன் கூட்டை ஒட்டவைக்கச் சுரந்த பசையெல்லாம் அப்போது கரைந்து வெளியேறும். அந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். அந்த அண்டாவின் வாசனை, நடுக்கடலில், என் டம்ளரில். மாமாவைப் பார்த்தேன். அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பசை."

"தெரியுது, தெரியுது. வாய மூடு."

"நூல் வியாபாரம் பண்றவரு நீங்க!"

"விக்கிறவன்டீ நான். வேக வெக்கிறவனா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். படகு ஆடியதைவிட நாங்கள் சிரித்ததில்தான் அதிகம் ஆடியிருப்போம். ஆரணிக்காரர்கள் இரண்டு பேரால் மட்டுமே செய்ய முடிந்த தவறு அது.

ஃபில்டரைத் தொங்கவிடலாம் என்பது என் யோசனை. பள்ளிக்கூட இயற்பியல்: கட்டித் தொங்கவிட்ட கனம் எப்போதும் நேராகத்தான் நிற்கும். நைலான் கயிற்றில் ஒற்றையாகக் கட்டினேன். அது பம்பரம் மாதிரிச் சுற்றியது. மாமா அதைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, மாதிரி நூல் கண்டுகளைப் பிரித்து, தொடையில் வைத்து முறுக்கி நான்கு கயிறுகள் செய்தார். நான்கு பக்கமும் அளவு பிசகாமல் முடிச்சுப் போட்டு, ஃபில்டரைக் கூரைக் கட்டையில் மாட்டினார். வாந்திக்கு நடுவே அதைச் செய்து முடிக்க அவருக்கு அரை நாள் ஆனது. டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன சார், பொண்ணுக்குக் கல்யாணம் பேச வந்துட்டு அதுக்குள்ள தொட்டில் கட்டிட்டீங்க?" என்றார். "தொட்டில்ல போடறதுக்கு எனக்குன்னு இதான் அண்ணே கீது" என்றார் மாமா சிரித்தபடி. மாமாவுக்குக் குழந்தை கிடையாது. அதை அவர் அப்படிச் சிரித்துச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அடுத்த நாளிலிருந்து காபி காபியாக வந்தது. படகு கரையில் கட்டியிருக்கும்போதே டீக்கடையில் பாலைக் காய்ச்சி ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்வது, குடிதண்ணீர்க் கேனின் வாடை போக முதல் கொதியைக் கொட்டிவிடுவது, பொடியை அழுத்தாமல் தட்டி மட்டும் வைப்பது, தொங்கும் ஃபில்டரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது. டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்றாததால் எந்த அலைக்கும் காபி தளும்பவில்லை. எங்கள் வீட்டுத் தறிக்காக ஏற்பட்ட அளவு கடலுக்கென்றே வைத்த மாதிரிப் பொருந்தியது. இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு வந்த சந்தோஷம், சொன்னால் சிரிப்பீர்கள், அந்த வருட ஆய்வில்கூட வரவில்லை.

நான் நீரிலிருந்து ஏறும்போது மாமா டம்ளரோடு காத்திருப்பார். "கீழ இன்னாதான் பாக்குற?" என்று கேட்டார் ஒருமுறை.

"புல்லு மாமா."

"புல்லா? அதுக்கா இவ்ளோ தூரம் வந்த? நம்ம ஊரு சந்தவாசல் பக்கம் பஸ்ஸுலருந்து பாத்தாலே வேணுன்ற அளவுக்குத் தெரியுமே."

அடியில் கண்ணாடி வைத்த வாளியைப் பக்கவாட்டில் நீரில் அமிழ்த்திப் பார்க்கச் சொன்னேன். குப்புறப் படுத்துப் பார்த்தார். தலையை எடுக்கவே இல்லை. வாந்தி எடுக்கிறாரோ என்று நான் பயந்தேன். எழுந்தபோது நெற்றியில் வாளி விளிம்பு பதிந்திருந்தது. "அதெல்லாம் தானா வளருதா? யாரும் தண்ணி கட்டறதில்ல?" என்று கேட்டார். கடலுக்கு யார் தண்ணீர் கட்டுவது என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசி நாள் வேலை மும்முரத்தில், காபியை நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரை எஞ்சின் பெட்டி ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி குதிக்கப் போனேன். பின்னால் மாமா டிரைவர் அண்ணனிடம் சொன்னது காதில் விழுந்தது. "பாரு அண்ணே. வண்டலோட அப்டியே வெச்சிட்டுப் போறா. இவ இங்க வெளியாளு இல்ல."

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்முன், பையை எடுத்துப் போகப் படகுக்கு வந்தார். என் துணிமணியையும் கட்டச் சொல்வார் என்று காத்து நின்றேன். அவர் தன் பையை மட்டும் தோளில் போட்டார்.

"மாமா, ஃபில்டர்?"

"இருக்கட்டும். நீ வரப்போ எடுத்துகினு வா."

"அம்மா?"

"அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

"அத்தை?"

செருப்பு வாரை மாட்டிக்கொண்டே இருந்தார். வெகு நேரம் மாட்டினார். பிறகு, "ஜல்தி போ, படகு கெளம்பப் போவுது" என்றார்.

அதற்குப்பின் எங்கள் வீட்டில் நடந்ததை அம்மா ஒரே ஒரு தடவை போனில் சொன்னாள். அழாமல் சொன்னாள். மாமா விடிகாலையில் வந்து இறங்கி, வழக்கமான இடத்தில் நின்று, "அவ வரமாட்டாக்கா. அவ அங்க நல்லா கீறா. இந்தப் பேச்ச நானே எடுத்தேன், நானே முடிச்சிக்கறேன்" என்றிருக்கிறார். அத்தை வீட்டாருக்குப் போன வாக்கு, ஊருக்குத் தெரிந்த பேச்சு. அப்பா இல்லாத பெண்ணை எப்படிக் கரையேற்றுவது என்ற பயம் அம்மாவுக்கு எப்போதும் உண்டு. "ஃபில்டரையும் உட்டுட்டு, பொண்ணையும் உட்டுட்டு, கைய வீசிகினு வந்து நிக்கிறியே" என்று ஆரம்பித்திருக்கிறாள். கத்தியதெல்லாம் பரவாயில்லை, அக்கா கத்துவது அவருக்குப் புதிதில்லை. கடைசியில் ஒரு வார்த்தை வந்துவிட்டது. "உனக்குன்னு ஒண்ணு இருந்தா உட்டுட்டு வந்திருப்பியாடா?"

ஃபில்டர் இல்லாததால் அன்று ஏதோ டீ போட்டுக் கொடுத்திருந்தாளாம். மாமா அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனார். அவ்வளவுதான். அவர் அதன்பின் எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை.

அத்தை கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு சரியாகிவிட்டாள். அவளுடைய தம்பிக்குப் போளூரில் பெண் அமைந்து, கல்யாணத்துக்கு எனக்கே பத்திரிகை வந்தது. மாமா எனக்கு அடிக்கடி போன் செய்வார். "காபில பசை வாசன வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். அம்மாவைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார். அம்மாவும் கேட்க மாட்டாள். எல்லாருக்கும் எல்லாமும் சரியாகிவிட்டது. எனக்குக் கடல் கிடைத்தது. தெருவின் இரண்டு பக்கமும் இருக்கும் அந்த இரண்டு பேருக்குத்தான் காலை நேரம் இல்லாமல் போனது. நான் இரண்டு பேரிடமும் பேசிப் பார்த்தேன். எனக்கு எதிலும் வேகம் அதிகம். இதையும் ஒரு விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். "அவன் என்னப் பத்திக் கேட்டானா? நானா போய் நிக்கணுமா?" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு, நான் கேட்காமலே, "சொல்லியிருக்கக் கூடாது" என்பாள். அதைப் போய்ச் சொல் என்றால் தறியில் உட்கார்ந்துவிடுவாள்.

இந்த வருட மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, கேபினைப் பிரித்து மராமத்து செய்கிறார்கள். டிரைவர் அண்ணன் ஃபில்டரைக் கயிறுகளோடு கழற்றி, "பத்திரமா கொண்டு போயிட்டுத் திரும்பக் கொண்டா தாயி" என்று என்னிடம் கொடுத்தார். போன வாரம் அதை எடுத்துக்கொண்டு ஆரணிக்கு வந்தேன்.

வீட்டில் வேறு ஃபில்டர் புழக்கத்தில் இல்லை. நான் முன்பு ஆன்லைனில் அனுப்பிய புது ஸ்டீல் ஃபில்டர், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பரண்மேல் இருந்தது. அம்மா இத்தனை காலமும் பாக்கெட் பொடியைச் சுடுநீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் விடிந்ததும் நானே டிகாக்‌ஷன் இறக்கினேன். ஆடாத மேடை, காஸ் அடுப்பு, நல்ல தண்ணீர். எவ்வளவு சுலபம்! வாசனை கிளம்பியதும் அம்மா தறியை விட்டு எழுந்து வந்து, பாலை அடுப்பில் வைத்தாள். அலமாரியிலிருந்து டம்ளர்களை எடுத்தாள். மூன்று எடுத்துவிட்டாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் அதை வாங்கி, அரை டம்ளர் ஊற்றினேன். சர்க்கரையை அம்மாதான் போட்டாள், அளக்காமல்.

"நான் எடுத்துகினு போய்க் குடுத்துட்டு வரேம்மா."

"ஆறிடப் போவுது" என்றாள்.

மாமா வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. டம்ளரைப் பார்த்தார், அதிலிருந்த அளவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"டிகாக்‌ஷன் நான். பாலும் சக்கரையும் அம்மா."

வாங்கி, நின்றபடியே குடித்தார். நிதானமாக, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் எங்கள் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு. உள்ளே தறிச் சத்தம் இல்லை. அம்மா கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். டம்ளரோடு இப்போது தெருவைத் தாண்டிவிடுவார், வண்டலோடு தூண் ஓரத்தில் வைப்பார், அம்மா கத்துவாள் என்று நான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா திரும்பி, தன் வீட்டு வாசல் குழாயடிக்குப் போனார். டம்ளரை விரலால் தேய்த்துக் கழுவினார். உள்ளும் புறமும் கழுவினார். தோள் துண்டால் ஈரம் போகத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"நல்லாருந்துச்சின்னு சொல்லு."

அம்மா டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"கழுவியா குடுத்தான்?"

நான் தலையசைத்தேன். அவர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. டம்ளரை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

இன்று மாலை எனக்குப் பஸ். சற்று முன் அம்மா ஃபில்டரை எடுத்து வந்து, "இத எடுத்துகினு போ. இங்க ஒருத்திக்கு எதுக்கு?" என்றாள். பையில் அடங்குவதற்காகக் கயிறுகளை அவிழ்க்கப் பார்த்தாள். நாளெல்லாம் அறுந்த இழைகளை முடிந்தும் அவிழ்த்தும் பழகிய விரல்கள். மாமா போட்ட அந்த முடிச்சுகள் அவற்றுக்கும் அசையவில்லை. உப்பு ஏறி இறுகியிருந்தன. கத்தரிக்கோல் பக்கத்திலேயேதான் இருந்தது. அம்மா அதை எடுக்கவில்லை. நான்கு கயிறுகளையும் சேர்த்துப் பிடித்து ஃபில்டரைச் சுற்றிச் சுற்றி வைத்து, என் துணிகளுக்கு நடுவில், ஆடாமல் இருக்கும்படி அழுத்தி வைத்தாள்.